விலங்கில் சோதிக்காத அழகுப் பொருள்: உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு அக்கறை இருக்கிறதா என்று அறிவது எப்படி

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கம் பான்சிக் கடையோ பியூட்டி பாலரோ வைத்திருக்கிறவர்களிடம் இந்தக் கதையை எடுத்தால் முதலில் வருகிற பதில், “இஞ்ச ஆர் உதெல்லாம் கேக்கினம், விலையைத்தான் கேக்கினம்” என்பதுதான். பாதி சரி. யாரும் கடைக்குள் வந்து “இந்தச் சம்பூவை முயலின் கண்ணில் விட்டுப் பார்த்தார்களா” என்று கேட்பதில்லை. ஆனால் அதே ஆட்கள்தான் வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் சமைக்காதவர்கள், கொடியேறினால் திருவிழா முடியும் வரை விரதம் இருக்கிறவர்கள், மாட்டுக்கு வருத்தம் என்றால் வைத்தியரைத் தேடி இரவோடு இரவாக மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர்கள். இவர்களுக்கு உயிர்கள்மேல் அக்கறை இல்லை என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடையில் அது வெளியே வராததற்குக் காரணம், அங்கே பதில் சொல்ல ஆளில்லாததுதான். பதில் தெரிந்த கடையில் கேள்வியும் வரும்.

ஆகவே சிறிய கடைக்காரர், பாலர் நடத்தும் பெண்கள், வீட்டில் சவர்க்காரம் செய்து விற்கிறவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்: உங்கள் ஆட்களின் அக்கறையை அளந்து பார்ப்பது எப்படி, அக்கறை இருந்தால் பொய் சொல்லாமல் விற்பது எப்படி.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

வாடிக்கையாளர் கேட்பது ஒன்று, நாம் பதில் சொல்வது வேறொன்று. இதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். “அக்கா, இதில மச்சம் ஏதும் கிடக்கோ?” என்று ஒரு அம்மா கேட்டால் அவர் கேட்பது உள்ளே என்ன இருக்கிறது என்று: மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா, பூச்சிச் சாயமா. முஸ்லிம் வாடிக்கையாளர் ஹலாலா என்று கேட்பதும் பெரும்பாலும் இதே பக்கம்தான். விலங்கில் சோதித்தார்களா என்பது இரண்டாவது, முற்றிலும் வேறான கேள்வி. முழுக்க முழுக்கத் தாவரத்தில் செய்த கிறீமையும் முயலின் தோலில் பூசிப் பார்த்திருக்கலாம். தேனும் ஆட்டுப்பாலும் போட்ட சவர்க்காரம் எந்த விலங்கிலும் சோதிக்கப்படாமலே வந்திருக்கலாம். மூன்றாவது கேள்வி, பூசினால் எனக்கு ஏதும் செய்யுமா என்பது. உண்மையைச் சொன்னால் நம்முடைய ஊரில் அதிகம் பேர் மனதில் இருப்பது இந்த மூன்றாவது கேள்விதான், அதில் பிழையும் இல்லை.

இந்த மூன்றுக்கும் ஒரே பதிலாக “இது நச்சுறல் அக்கா”, அதாவது இயற்கையானது, என்று சொல்லி அனுப்புகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அது எந்தக் கேள்விக்கும் பதிலே இல்லை.

அக்கறை இருக்கிறதா என்று வாயால் கேட்காதீர்கள்

“விலங்குகளைக் கொடுமைப்படுத்தாத பொருள் உங்களுக்கு முக்கியமா?” என்று கேட்டால் யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? எல்லாரும் ஓம் என்பார்கள், பிறகு விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்காக அவர்கள் சொன்னது பொய் ஆகிவிடாது. காசு குறைவாக இருக்கும்போது அக்கறை கொஞ்சம் பின்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். நமக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பது, அதை வாங்குகிற கையைப் பார்த்துத்தான் அறியலாம்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரே வகைப் பொருள் இரண்டை எடுங்கள். உடம்புச் சவர்க்காரம் அல்லது முகம் கழுவும் பேஸ்வொஷ் நல்லது. லிப்ஸ்ரிக்கில் இந்தச் சோதனை சரிவராது, அங்கே நிறம்தான் முடிவு செய்யும். இரண்டும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே விலை, ஆட்கள் இரண்டையும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விலங்கில் சோதிக்காதது என்று சான்று உள்ளதாக இருக்கட்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முதல் இரண்டு கிழமை ஒன்றும் சொல்லாமல் விற்றுக் கணக்கை எழுதுங்கள். பிறகு சான்று உள்ளதற்கு முன்னால் தமிழில் ஒரு சின்ன அட்டை வையுங்கள்: “இந்தப் பொருளும் இதில் சேர்த்தவையும் விலங்குகளில் சோதிக்கப்படவில்லை. விபரம் வேண்டுமென்றால் கேளுங்கள்.” அவ்வளவு போதும். முயல் அழுகிற படமெல்லாம் வேண்டாம், அது பரிதாபத்தைக் காட்டி விற்பது. இன்னும் இரண்டு கிழமை எழுதுங்கள். அட்டை வந்த பிறகு கணக்கு மாறுகிறதா என்பதுதான் உங்களுக்கான பதில்.

ஒரு கவனம். இடது வலது இடத்தை இடையிடையே மாற்றி மாற்றி வையுங்கள், ஏனென்றால் ஆட்கள் கைக்கு எட்டுவதைத்தான் முதலில் எடுப்பார்கள், அதை அக்கறை என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது.

அடுத்தது விலை. சான்று உள்ளதற்கு 20 ரூபாய் கூடுதலாக இருக்கும்போது என்ன நடக்கிறது, 50 ரூபாய் என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதற்காக விலையை ஏற்ற வேண்டாம், பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். மற்றதற்குக் கழிவு கொடுத்து இடைவெளியை உண்டாக்கலாம், அல்லது இயல்பாகவே விலை வித்தியாசம் உள்ள இன்னொரு சோடியை எடுக்கலாம். காலத்தையும் சேர்த்து எழுதுங்கள். வன்னியில் இது சின்ன விடயமில்லை. காலபோக நெல்லை விற்ற காசு கையில் இருக்கிற மாசி, பங்குனி ஒரு மாதிரி. உழவுக்கும் விதைநெல்லுக்கும் காசு போய்விட்ட ஐப்பசி இன்னொரு மாதிரி. ஐப்பசியில் மட்டும் பார்த்துவிட்டு “எங்கட சனத்துக்கு அக்கறையில்லை” என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

யார் கேட்கிறார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பெயர் வேண்டாம், எப்படிப்பட்டவர் என்பது போதும். அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள், வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகள், கல்யாணத்துக்கு அலங்காரம் பேச வந்த குடும்பம், ஆடி ஆவணியில் கனடாவிலிருந்து வந்து நிற்கிற சித்தி. இந்தக் கடைசிக் கூட்டத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். கனடாவில் 2023 டிசம்பர் முதல் அழகுப் பொருளை விலங்கில் சோதிப்பதே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இல் முடித்த பொருளைச் சோதிப்பதற்கு முதல் தடை வந்து, 2009இல் மூலப்பொருளுக்கும் வந்து, 2013 மார்ச் 11 முதல் அப்படிச் சோதித்த பொருளை விற்பதற்கே தடை வந்தது. அங்கே வாழ்ந்து பழகிய சித்தி உங்கள் கடையில் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது பெருமைக்காக என்று நினைக்காதீர்கள். அவர் தேடுவது, விலங்கில் சோதிக்கவில்லை என்று காட்டுகிற முயல் சின்னத்தை. அவரோடு வந்த மருமகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அடுத்த மாதம் அவள்தான் உங்கள் வாடிக்கையாளர்.

பொதியை வாசிப்பது

முயல் படம் இருந்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முயல் படம் யாரும் போடலாம். பாயும் முயலும் நட்சத்திரமும் சேர்ந்த சின்னம் லீப்பிங் பன்னி என்கிற சான்று, 1996இல் பல விலங்கு நல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து தொடங்கியது. அதைப் பெற வேண்டுமென்றால் ஒரு திகதியை நிர்ணயித்து, அதற்குப் பிறகு தன் பொருளையோ தனக்கு மூலப்பொருள் கொடுப்பவரின் பொருளையோ விலங்கில் சோதிக்கவில்லை என்று கம்பனி காட்ட வேண்டும், வெளியார் வந்து கணக்குப் பார்க்கவும் விட வேண்டும். இது கடினமான சான்று. மற்றது பீட்டா என்கிற விலங்கு உரிமை அமைப்பின் பட்டியல். பீட்டா என்றதும் நம்மில் பலருக்கு ஜல்லிக்கட்டு விவகாரம் ஞாபகம் வந்து கோபம் வரும்; அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும், இந்தப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். அது பெரும்பாலும் கம்பனி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிற உறுதியில் நிற்கிறது, லீப்பிங் பன்னிபோல வெளியார் கணக்காய்வு கட்டாயமில்லை. ஒன்றுமே இல்லாததைவிட நல்லது, முதலாவதைவிட இளகியது. அப்படித்தான் நான் அதை வைத்துப் பார்க்கிறேன்.

சான்று பெற்ற சில கம்பனிகள் சின்னத்தை அச்சிடுவதில்லை. ஆகவே சின்னம் இல்லை என்பதற்காக ஒன்றை ஒதுக்கவும் வேண்டாம், பெயரை அந்த அமைப்புகளின் இணையத்தளத்தில் தேடுங்கள், போனில் ஒரு நிமிட வேலை.

பெயரைத் தேடும்போது வருகிற பெரிய சிக்கல், கம்பனி வேறு, பிராண்ட் வேறு என்பது. பூட் சிற்றியிலும் பெரிய கடைகளிலும் கிடைக்கிற டவ், 2018இல் பீட்டாவின் பட்டியலில் சேர்ந்தது. அதன் தாய்க் கம்பனியான யுனிலீவரின் எல்லாப் பொருளும் அதில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கார்னியர் 2021இல் லீப்பிங் பன்னி பெற்றது. அதன் தாய்க் கம்பனி லொறியல் முழுவதற்கும் அந்தச் சான்று கிடையாது. பிராண்டைப் பாராட்டுவதா, தாய்க் கம்பனியைப் பார்த்து ஒதுக்குவதா என்பது வாங்குகிறவரின் மனச்சாட்சி. கடைக்காரரின் வேலை இரண்டையும் மறைக்காமல் சொல்வது. என்னைக் கேட்டால், நமக்குக் கிடைக்கிற குறைந்த தெரிவுக்குள் பிராண்டைப் பார்த்து வாங்குவதே நடைமுறை. சான்று உள்ள பொருள் விற்கிறது என்று தெரிந்தால்தான் தாய்க் கம்பனியும் மற்றப் பொருள்களை மாற்றும்.

சீனாவைப் பற்றியும் கேட்பார்கள். பல வருடங்களாக அங்கே இறக்குமதியாகும் அழகுப் பொருளை விலங்கில் சோதிப்பது கட்டாயமாக இருந்தது, அதனாலேயே பல பிராண்டுகள் முயல் சின்னத்தை இழந்தன. 2017இல் நார்ஸ் என்கிற மேக்கப் பிராண்ட் சீனாவில் விற்கப் போனதும் அதன் ரசிகைகளே சண்டைக்கு நின்றார்கள். 2021 மே 1 முதல் சம்பூ, லோஷன், லிப்ஸ்ரிக் போன்ற சாதாரணப் பொருளுக்கு, உரிய தரச் சான்றிதழும் பாதுகாப்பு அறிக்கையும் கொடுத்தால் விலக்கு உண்டு. தலைச்சாயம், வெயில் கிறீம், வெள்ளையாக்கும் கிறீம் மாதிரியான விசேடப் பொருளுக்கு அந்த இளக்கம் வரவில்லை. கவனியுங்கள், நம்முடைய கடைகளில் வேகமாக விற்கிறவையும் இவைதான்.

இந்தியப் பொருள் வன்னியில் ஏராளம். சென்னையிலிருந்து பெட்டியில் வருவது, கொழும்பு மொத்தக் கடையிலிருந்து வருவது எல்லாம் சேர்த்து. இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தியா 2014 மே மாதம் அழகுப் பொருளை விலங்கில் சோதிப்பதைத் தடை செய்தது, அதே வருடம் நவம்பரில் அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்வதையும் நிறுத்தியது. தெற்காசியாவில் முதலில் இதைச் செய்த நாடு அதுதான். ஆகவே இந்தியாவில் தயாரித்தது என்று தெளிவாக அச்சிட்ட, போலியில்லாத பொதி ஒன்று கையில் இருந்தால் பேச்சைத் தொடங்க அதுவே ஒரு நல்ல இடம். அதே பொதியில் பச்சைப் புள்ளி இருக்கலாம். அது உள்ளே இருப்பது சைவம், மச்சம் இல்லை என்பதற்கான அடையாளம், சோதனையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மச்சம் கேட்கிற அம்மாவுக்குப் பச்சைப் புள்ளியைக் காட்டுங்கள், முயலைக் கேட்கிற பிள்ளைக்குச் சான்றைக் காட்டுங்கள்.

நம்முடைய எஸ்.எல்.எஸ். முத்திரையையும் சிலர் இதற்குள் இழுக்கிறார்கள். அது தரத்துக்கானது. நல்ல முத்திரை, ஆனால் விலங்குச் சோதனையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

மச்சம் கேட்டால் எங்கே பார்ப்பது

பொதியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானப் பட்டியலில் சில பெயர்களைப் பழகிக்கொண்டால் போதும். சோடியம் டலோவேட் என்றால் சவர்க்காரத்தில் மிருகக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. சோடியம் பாமேட் பாம் எண்ணெய், சோடியம் கொகோவேட் தேங்காயெண்ணெய். லிப்ஸ்ரிக்கிலும் கன்னச் சிவப்பிலும் கார்மின் அல்லது சி.ஐ. 75470 என்றிருந்தால் அது கொச்சினீல் என்கிற பூச்சியை உலர்த்தி அரைத்து எடுத்த சிவப்பு. ஒரு இறாத்தல் சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். லனோலின் செம்மறியின் உரோமத்திலிருந்து வருகிற மெழுகு, சீரா ஆல்பா தேன்மெழுகு. கிளிசரினும் ஸ்டியரிக் அசிட்டும் தாவரத்திலிருந்தும் வரலாம், கொழுப்பிலிருந்தும் வரலாம், பொதி சொல்லாவிட்டால் கம்பனியைக் கேட்க வேண்டியதுதான்.

கேட்டால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். விரதம் இருக்கிற ஒருவருக்கு மாட்டுக் கொழுப்புச் சவர்க்காரத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அவருக்கு அது தெரிய வந்தால் உங்கள் கடைப் பக்கமே வரமாட்டார். அவரோடு அவருடைய சொந்தக்காரரும் வரமாட்டார்கள்.

“சோதிக்காட்டி எப்பிடி நம்பிப் பூசிறது?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அது நியாயமான கேள்வியும்கூட. அதனால் பதிலை முழுமையாகத் தெரிந்து வைத்திருங்கள்.

விலங்குச் சோதனை வெறும் குரூரத்தால் தொடங்கியதில்லை. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம் பெண்களின் கண்ணைக் குருடாக்கியது. அந்த மாதிரியான கேடுகள் சேர்ந்துதான் 1938இல் அங்கே அழகுப் பொருளையும் கட்டுப்படுத்துகிற சட்டம் வந்தது. 1944இல் ஜோன் டிரெய்ஸ் என்ற அரசாங்க நச்சியல் விஞ்ஞானி முயலின் கண்ணிலும் தோலிலும் பொருளைப் போட்டு எரிவையும் புண்ணையும் புள்ளி போட்டு அளக்கிற முறையை எழுதினார். நோக்கம் மனிதரைக் காப்பது. விலையைக் கொடுத்தது முயல். அசையவிடாமல் பிடித்துக் கண்ணில் ஊற்றி நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். 1980இல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயோர்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லோன் கம்பனியைக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கம்பனிகள் மாற்று முறை தேடுவதற்குக் காசு கொடுக்கத் தொடங்கின. வாங்குகிறவர்களின் கேள்வியால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்று அந்த மாற்று முறைகள் கையில் இருக்கின்றன. மனிதத் தோல் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துத் தோல்போல ஒரு படையை உண்டாக்கி, அதில் பொருளைப் போட்டு எரிச்சல் வருமா என்று பார்க்கிறார்கள். இந்த முறையை 2010இல் பல நாடுகள் சேர்ந்த ஓ.ஈ.சி.டி. என்கிற அமைப்பு சர்வதேச வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கு, இறைச்சிக்காக ஏற்கெனவே வெட்டிய மாட்டின் கண்ணின் முன்படலத்தை எடுத்துச் சோதிக்கிற முறை 2009இல் ஏற்கப்பட்டது. அதில் விலங்கின் பங்கு முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சோதனைக்கென்று உயிருள்ள ஒன்றை வதைப்பதில்லை. இது தவிர, தேங்காயெண்ணெய், கற்றாழை, கிளிசரின் மாதிரி நீண்டகாலம் பாவித்துப் பழகிய பொருள்களுக்குப் புதிய சோதனையே தேவையில்லை, அவற்றின் விபரம் முழுக்க ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே விலங்கில் சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம் எடுக்கக்கூடாது. இதைச் சுருக்கமாக, “முயலில பாக்கேல்ல அம்மா, ஆய்வுகூடத்தில வளத்த தோலில பாத்திருக்கினம்” என்று சொன்னால் போதும், ஆட்கள் விளங்கிக்கொள்கிறார்கள்.

இதோடு சேர்த்து, பூசப் போகிறவர் தன் தோலில் பார்ப்பதையும் பழக்குங்கள். புதிய கிறீம் என்றால் முழங்கை மடிப்பின் உட்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தலைச்சாயம் என்றால் 48 மணித்தியாலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குக் கைக்குப் போடுகிற கறுப்பு மருதோன்றிக் கூம்பு சிலவற்றில் தலைச்சாயத்தில் வருகிற பி.பி.டி. என்கிற இரசாயனம் கலந்திருக்கும், கொப்புளம் போட்டுத் தழும்பு விழுந்துவிடும். அரைத்த மருதோன்றி கறுப்பாகப் பிடிக்காது, செம்மண்ணிறம்தான். கறுப்பு என்றால் வேண்டாம் என்று சொல்கிற துணிவு பாலர் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

வெள்ளையாக்கும் கிறீம்

இதைத் தனியாகச் சொல்லாமல் போக என்னால் முடியாது. செய்தவர் பெயர் இல்லாத, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லாத, டப்பாவில் வருகிற வெள்ளையாக்கும் கிறீமை வைத்துக்கொண்டு பக்கத்தில் முயல் அட்டை வைக்காதீர்கள். அந்தக் கிறீம்களில் இரசம், அதாவது பாதரசம், கலந்திருக்கிற ஆபத்து உண்டு. அது தோலைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் தாக்கும். சேர்மானத்தில் கலோமெல், மெர்க்கூரிக், மெர்க்கூரஸ் என்று இருந்தால் தொடவே வேண்டாம். ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அதைவிட மோசம். விற்கிற பொதியில் அதிகூடிய விலை, தொகுதி இலக்கம், தயாரித்த திகதி, முடிவுத் திகதி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இல்லாததைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். கறுப்பாக இருக்கிற பிள்ளையை வெள்ளையாக்குகிறேன் என்று காசு வாங்குவதை நான் எப்படியும் ஏற்கமாட்டேன், அது வேறு கதை.

பாலர் வைத்திருப்பவர்களுக்கு

மேக்கப் தூரிகையைப் பாருங்கள். ஆட்டு மயிர், அணில் மயிர், சேபிள் மயிர் என்று வருகிறவை விலங்கிலிருந்து எடுத்தவை. நைலோன், டக்லோன் என்பவை செயற்கை; கழுவச் சுகம், கெதியாகக் காயும், விலையும் குறைவு. மணப்பெண்ணுக்கு ஒட்டுகிற இமை மயிரில் மிங்க் என்று எழுதியிருந்தால் அது மிங்க் என்ற விலங்கின் உரோமமாக இருக்கலாம், அந்த விலங்கைக் கூட்டில் அடைத்து வளர்க்கிறார்கள். செயற்கை இமையே எடுங்கள், போட்டோவில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மணப்பெண் வீட்டாரிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். சில வீட்டில் கவனிக்க மாட்டார்கள், சில வீட்டில் அம்மம்மாதான் முதலில் நிமிர்ந்து பார்ப்பா.

வீட்டில் சவர்க்காரம், எண்ணெய் செய்கிறவர்களுக்கு

மாதர் சங்கம் மூலமாகவோ தனியாகவோ வேம்பு, கற்றாழை, மஞ்சள் சவர்க்காரம், செவ்வரத்தை எண்ணெய், சீயக்காய்த் தூள் செய்து விற்கிற பெண்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். இவர்களிடம்தான் இந்த விடயத்தில் அதிக பலம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பொருள் எங்கே இருந்து வந்தது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களால் முடியும். ஆனால் சொல்வதை அளந்து சொல்ல வேண்டும். “நாங்கள் இதை எந்த விலங்கிலும் சோதிக்கவில்லை” என்று தாராளமாக எழுதலாம். “இதிலுள்ள எதுவும் விலங்கில் சோதிக்கப்படவில்லை” என்று எழுத வேண்டுமென்றால், வாங்கிச் சேர்க்கிற வாசனை எண்ணெயும் நிறமும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டு எழுத்தில் பதில் எடுத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வாசனையையும் நிறத்தையும் விட்டுவிடுங்கள். மஞ்சளுக்கு ஒரு நிறம் இருக்கிறது, வேம்புக்கு ஒரு மணம் இருக்கிறது, அது போதாதா? மச்சம் பற்றியும் ஒரு வரி தமிழில் எழுதுங்கள்: தேங்காயெண்ணெயில் செய்தது, மிருகக் கொழுப்பு இல்லை. கடையில் பக்கத்தில் இருக்கிற பல பொதிகளில் தமிழில் இந்த ஒரு வரிகூட இல்லை. சான்றுச் சின்னம் எதையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள், அது களவு.

முகவருக்கு எழுதுவது

பொருள் கொண்டுவருகிற வான்காரத் தம்பியிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. பொதியில் இருக்கிற இறக்குமதியாளரின் அல்லது கம்பனியின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டி வரும், உயர்தரம் படிக்கிற பிள்ளை யாரிடமாவது கொடுத்தால் எழுதித் தரும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

“நாங்கள் உங்கள் பொருளைக் கிளிநொச்சியில் விற்கிறோம். வாடிக்கையாளர் கேட்கிறார்கள். இந்தப் பொருளை நீங்களோ உங்களுக்காக வேறு யாருமோ விலங்கில் சோதிக்கிறீர்களா? மூலப்பொருள் தருகிறவர்கள் சோதிக்கிறார்களா? எந்தத் திகதியிலிருந்து நிறுத்தினீர்கள்? விலங்குச் சோதனை கட்டாயமான நாட்டில் இதை விற்கிறீர்களா? வெளியார் சான்று ஏதும் உண்டா?”

“சட்டம் கேட்டால் தவிர நாங்கள் சோதிப்பதில்லை” என்று பதில் வந்தால், சட்டம் கேட்கிற இடத்தில் சோதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போயிருந்தால் இன்னொரு முறை அதை மட்டும் கேளுங்கள். பதிலே வராவிட்டால் அட்டையில் அந்தப் பொருளுக்கு ஒன்றும் எழுதாதீர்கள். யாரும் கேட்டால், “எழுதிக் கேட்டனான் அக்கா, இன்னும் பதில் வரேல்ல” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காகப் பொருளைத் திருப்பி வைக்கிறவர் இருந்தால் அதையும் கணக்குக் கொப்பியில் குறித்து வையுங்கள், அந்த எண்ணிக்கையை அடுத்த மின்னஞ்சலில் கம்பனிக்கே எழுதலாம். விற்காமல் போனதைச் சொன்னால் அவர்கள் கெதியாக வாசிப்பார்கள்.

வந்த பதில்களை அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், கேட்கிறவர் தானே பார்க்கட்டும். பிராண்டுகள் கைமாறும், புதிய நாட்டில் விற்கப் போகும், சான்று போகும் வரும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, வற்றாப்பளைப் பொங்கல் வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்க முன்னம், பட்டியலை எடுத்துப் பெயர் பெயராக மறுபடி தேடிப் பார்த்து, மாறியதற்கு முன்னால் இருக்கிற அட்டையை எடுத்துவிடுங்கள்.